பேய்ப்படமும் ஒரு கரித்துண்டும்

இப்போது வருகிற பேய்ப்படங்களில் ஏதாவது புதுசு இருக்கிறதா, அவற்றைப் பார்ப்பதில் பிரயோசனம் உண்டா என்று எழுதித் தரும்படி ஜெனி கேட்டிருக்கிறாள். மன்னாரில் மாதம் ஒரு படம் போட்டுக் காட்டி, பிறகு வட்டமாக இருந்து அதைப் பற்றிக் கதைக்கிற பிள்ளைகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு அவள்தான் பொறுப்பு.

"ஐயா, நீங்கள் எவ்வளவு காலம் தியேட்டரில படம் ஓட்டினனீங்கள். பேய்ப்படம் பாத்துச் சனம் கத்தினதை உங்களைப்போல ஆர் கேட்டிருக்கினம்? உங்கட தொழில் அனுபவத்தோட சேத்து எழுதித் தாங்கோ" என்றாள்.

எழுதுவது நானில்லை. படம் ஓட்டும் மெசினின் ஆர்க் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுப்போய்விட்டது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி றோசலின் கொப்பியில் எழுதுகிறாள். அவளுடைய எழுத்து முத்துமுத்தாக இருக்கும். வாயும் சும்மா இராது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஓரிடத்தில், றோசலினுக்கு நான் இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதை அவளே தன் கையால் எழுதவேண்டிவரும்.

"அதென்ன எனக்குத் தெரியாத கதை?" என்று பேனாவை நிறுத்திவிட்டாள்.

"வரும். நீ எழுது."

"ஆரும் பொம்பிளையோ?"

"விசர்க்கதை கதையாதை. எழுது."

பேய்ப்படம் என்றால் றோசலினுக்கு உயிர். இந்த வயதிலும் பின்னேரத்தில் ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு கோப்பை கச்சான் கடலையோடு உட்கார்ந்துவிடுவாள். நான் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவேன். வாழ்நாள் முழுக்கப் பேய்ப்படம் ஓட்டிய மனுசன் பேய்ப்படத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய தீர்ப்பையும் இதில் போடச் சொல்கிறாள்: "இப்பத்தப் பேயளுக்குத்தான் கொஞ்சமெண்டாலும் மூளை இருக்கு. எங்கட காலத்துப் பேய் என்ன செய்தது? வெள்ளைச் சீலை, விரிச்ச தலைமயிர், ஒரு பாட்டு. பாட்டு முடியப் பேயும் போயிடும்."

அவள் சொல்வது சரி. என் வயதுக்காரர் பலர், அந்தக் காலத்துப் படம்போல வருமா என்று பெருமூச்சு விடுவார்கள். சும்மா கதை. அந்தப் பழைய படங்களைப் பகல் வெளிச்சத்தில் போட்டுப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். புதுப் படங்களில் திடீரென்று டமார் என்று சத்தம் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றும் ஒரு குறை சொல்வார்கள். அந்த ஏமாற்று வேலையை நாங்கள் கையாலேயே செய்தோம். செய்தவன் நான்.

தொழில் படித்தது யாழ்ப்பாணத்தில். இரண்டு வருடம் மெசின் துடைத்தேன், அறுந்த பிலிம் ஒட்டினேன், ஒப்பரேற்றரிடம் குட்டு வாங்கினேன். பிறகு மன்னாருக்கு வந்து ஒரு தியேட்டரில் ஒப்பரேற்றர் ஆனேன். அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் தகரம்கூட மிஞ்சவில்லை.

தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம் அது. முன்னால் வாங்குப் பலகைகள், பின்னால் கதிரைகள், இடது பக்கம் தட்டி வைத்துப் பிரித்த பெண்கள் பகுதி. சனம் வந்துபோக முன்வாசல் ஒன்று. பக்கங்களில் மூன்று கதவுகள். என்னுடைய அறை முன்வாசலுக்கு மேலே, பலகைத் தளத்தில் இருந்தது. மர ஏணியால் ஏறிப் போகவேண்டும். அந்தப் பலகைக்குக் கீழே ஒரு சாமான் அறை. பழைய போஸ்டர்கள், வேலி அடைக்க வாங்கிய ஓலைக் கிடுகுகள், ஓட்டைக் கதிரைகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

மனேச்சரின் பெயர் சூசைப்பிள்ளை. வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டிக்குள் லேஞ்சியை மடித்து வைத்திருப்பார். எவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. மெல்லமாகப் பேசியே ஆளை வியர்க்க வைப்பார். கடைசி வரிசையில், சுவரோரக் கதிரையில்தான் எப்போதும் இருப்பார். கை எட்டும் தூரத்தில் ஒரு மணிப் பொத்தான். அமத்தினால் மேலே என் அறையில் அடிக்கும். ஒரு மணி என்றால் தொடங்கு. இரண்டு மணி என்றால் சத்தத்தைக் கூட்டு. மூன்று மணி என்றால் படத்தை நிறுத்தி லைற்றைப் போடு. அவரிடமிருந்து எனக்கு மணி வரும். என்னிடமிருந்து அவருக்கு எதுவும் போகாது.

"தம்பி, பேயைக் காட்டுறது படம் எடுத்தவன்ர வேலை. சனத்தைப் பயப்படுத்துறது எங்கட வேலை" என்பார்.

அவர் அதை எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். பேய்ப்படம் ஒன்று வந்தால், முதல் காட்சியை நாங்கள் இருவரும் தனியாகப் பார்ப்போம். எந்த இடத்தில் சனம் கத்தும் என்று அவர் கடதாசியில் குறித்துக்கொள்வார். அந்த இடத்துக்குச் சற்று முன்பு நான் சத்தத்தை மெல்லமெல்லக் குறைக்கவேண்டும். சனம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னுக்குச் சாயும். அப்போது இரண்டு மணி அடிக்கும். குமிழை ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவேன். மண்டபமே குதித்து விழும்.

அடுத்தது கதவுகள். எங்களுக்கு நல்ல வசூல் பகல் இரண்டரை மணி மற்றினிக் காட்சியில்தான். மன்னார் வெயில் எப்படிப்பட்டது என்று தெரியுமே, கதவு இடுக்காலும் ஊசிபோல உள்ளே இறங்கும். வெளிச்சம் விழுந்தால் பேய் செத்துவிடும் என்று மனேச்சர் மூன்று பக்கக் கதவுகளுக்கும் வெளியே கறுப்புப் படங்குச் சீலை கட்டுவித்தார். யாரும் பயந்துபோய் இடையில் திறந்து மற்றவர்களைக் குழப்பக்கூடாது என்று, வெளிப்பக்கமாகக் கொண்டியும் போடச் சொன்னார். பேய்ப்படம் ஓடும் நாட்களில் மட்டும்தான் அப்படி. அது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கொண்டி போடுகிற வேலை வாசல்காரன் யோசேப்புடையது. யோசேப்பு வேறு யாருமில்லை, றோசலினின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். ஒப்பரேற்றர் வேலையை எனக்கு எடுத்துத் தந்தவனே அவன்தான். வாயில் எந்நேரமும் சுருட்டு இருக்கும்.

தவக்காலம் முழுவதும் எங்கள் சனம் படம் பார்க்காது. உயிர்த்த ஞாயிறு முடிந்து அடுத்த ஞாயிறு, காய்ந்துபோய்க் கிடந்த சனம் எல்லாம் மற்றினிக்கு வந்து நிற்கும். ஒரு வருடம் அந்த நாளுக்கென்றே மனேச்சர் ஒரு பேய்ப்படம் வரவழைத்தார். பெரிய வீடு, புதுப்பெண், ஒருபோதும் திறக்காத ஓர் அறை. கதை அவ்வளவுதான். மண்டபம் நிரம்பி வழிந்தது. றோசலினும் வந்தாள். அவளுக்கு எட்டு மாதம். வரவேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அவள் ஆசைப்படுறாள், விடன் மச்சான்" என்றான் யோசேப்பு. வாங்கில் இருந்தால் முதுகு நோகும் என்று, வாசலில் தான் உட்காருகிற சாய்வுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் பகுதியில் அவளுக்குப் போட்டான். "பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நான். கதிரையும் என்ர" என்று சொல்லிச் சிரித்தான்.

இனி என் வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அறையில் இரண்டு மெசின். ஒன்றில் றீல் ஓடும்போது மற்றதை ஆயத்தம் செய்யவேண்டும். விளக்கு என்பது இரண்டு கரிக்கோல்கள். நுனியும் நுனியும் நெருங்க, நடுவில் நெருப்பு வெள்ளையாக எரியும். எரிந்து எரிந்து கோல் விரலளவு குறுகியதும் கழற்றிவிட்டுப் புதிது போடவேண்டும். கழற்றிய துண்டு பார்க்கக் கறுப்பாக இருக்கும், ஆனால் உள்ளே தணல். அதை மண் நிரப்பிய தகரப்பேணிக்குள் போடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே படிப்பிக்கிற பாடம் அது.

அன்று பேணி நிறைந்து கிடந்தது. காலையிலேயே கொட்டியிருக்கவேண்டும். நான் கொட்டவில்லை.

புதுப்பெண் அந்த அறைக் கதவுக்குக் கிட்டப் போகிறாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். இடது கை குமிழில். வலது கையால் மற்ற மெசினின் குறுங்கரியைக் கழற்றிப் பேணியில் வைத்தேன். அது குவியலில் நிற்காமல் சறுக்கி விழுந்து பலகையில் உருண்டது. உருண்டு போய் இரண்டு பலகைக்கு நடுவே இருந்த இடைவெளிக்குள் இறங்கியது. கீழே கிடுகு. நான் கண்ணால் பார்த்தேன். குனிந்தேன்.

அப்போது இரண்டு மணி அடித்தது.

நான் நிமிர்ந்து குமிழைத் திருப்பினேன். மண்டபம் கத்தியது. கரித்துண்டு தன்பாட்டில் அணைந்து நூர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த றீலை மாட்டத் தொடங்கினேன்.

றோசலின் இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அப்ப அண்ணன்ர சுருட்டு?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் எழும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. சோறு போட்டாள், மருந்து எடுத்துத் தந்தாள். ரீவியை அவள் தொடவே இல்லை. வீட்டில் அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இரண்டு நாளும் நான் பயந்ததுபோல எந்தப் பேய்க்கும் எவரும் பயந்திருக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் காலை கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே இருந்தாள்.

"மிச்சத்தைச் சொல்லுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ" என்றாள்.

சொல்கிறேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். காலுக்குக் கீழே பலகை சுட்டது. இடைவெளியால் புகை நூல்நூலாக எழும்பியது. நெருப்பு என்று கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. முன்வாசல் எனக்கு நேர் கீழே, நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கக் கதவுகளுக்கு வெளியே கொண்டி. உள்ளே இருட்டில் அவ்வளவு சனம். கத்தினால் ஒருவரையொருவர் மிதித்தே சாவார்கள். என் மனைவி எட்டு மாத வயிற்றோடு சாய்வுக் கதிரையில் இருக்கிறாள். அறைச் சுவரில் இருந்த சின்னத் துவாரத்தால் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவளைத் தெரிந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி, விரலிடுக்கால் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனேச்சருக்கு எப்படிச் சொல்வது? என்னிடமிருந்து அவருக்கு மணி இல்லை. ஒரு வழிதான் இருந்தது. சத்தக் குமிழை அடியோடு திருப்பி அணைத்தேன். படம் ஊமையாக ஓடியது. சத்தம் நின்றால் அவருக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளாது. சனம் விசிலடித்தது. அவர் ரோச் லைற்றோடு எழும்பி, ஏணிப்பக்கம் வர வெளியே போனதைக் கண்டேன். உடனே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி மூன்று மணி அடிக்கும் வரை படம் நிற்கக்கூடாது. நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் புகை தெரியும். அந்த நேரம் பார்த்து றீல் முடிகிறது. மெசின் மாற்றும் நேரம் காட்டுகிற முதல் பொட்டு திரையின் மூலையில் விழ, மற்ற மெசினின் மோட்டரைப் போட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, இரண்டாம் பொட்டுத் தெரியவில்லை. குத்துமதிப்பில் மாற்றினேன். மாதாவே, மாதாவே என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

புகை துவாரத்தால் உள்ளே போய் ஒளிக்கதிரில் சுருண்டது. திரையில் பேய்வீட்டைச் சுற்றி நிழல் நிழலாக ஆடியது. சனம் கைதட்டியது! "மனேச்சர் புதுசா என்னவோ விடுறாரடா!" என்று ஒருவன் கத்தினான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே கீச்சொலி. அதில் எது படத்துக்குக் கத்துவது, எது உண்மையாகப் பயந்து கத்துவது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எந்த இடத்தில் கத்தவேண்டும் என்று அவர்களைப் பழக்கியவர்கள் நாங்கள்தானே.

கீழே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். மனேச்சர் வெளியே வந்தபோது யோசேப்பு ஏற்கனவே சாமான் அறைக்குள் நின்றிருக்கிறான். எரிகிற கிடுகுகளை வெறுங்கையால் இழுத்து வெளியே எறிந்திருக்கிறான். கதவுகளைத் திற என்று மனேச்சர் சொல்ல, ஓடிப் போய்ப் படங்குகளை விலக்கி மூன்று கொண்டிகளையும் வெந்த கையால் கழற்றியிருக்கிறான். திரும்ப ஓடி வந்து மீண்டும் நெருப்புக்குள் கைவைத்திருக்கிறான். மனேச்சர் தடுத்தாராம். "மேல மச்சான் நிக்கிறான், விடுங்கோ என்னை" என்றானாம்.

மூன்று கதவாலும் வெயில் உள்ளே பாய்ந்தது. சனம் எழும்பியதா? இல்லை. "கதவைச் சாத்தடா! நல்ல இடத்தில திறக்கிறான்!" என்று குளறினார்கள். மனேச்சர் உள்ளே வந்து பொத்தானை அமத்தியிருக்கவேண்டும், மூன்று மணி அடித்தது. படத்தை நிறுத்தினேன். மனேச்சர் திரைக்கு முன்னால் வந்து நின்று, தன்னுடைய மெல்லிய குரலில் சொன்னார்: "ஒப்பரேற்றருக்குச் சுகமில்லை. படம் இவ்வளவுதான். பக்கக் கதவாலை ஆறுதலா, மெல்லமாப் போங்கோ. முதல்ல பொம்பிளையள்." திட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளைக்குக்கூட நகக்கீறல் படவில்லை. நான் பின் யன்னலால் மணலில் குதித்தேன். கணுக்கால் முறிந்தது. அந்த நொண்டல் இன்றும் இருக்கிறது.

நெருப்பு சாமான் அறையோடு நின்றது. மறுநாள் தியேட்டர்க் கந்தோர் அறையில் பொலிஸ் இருக்க, மனேச்சர் யோசேப்பைக் கேட்டார், அதே மெல்லிய குரலில்: "யோசேப்பு, சுருட்டை எங்கை போட்டனீர்?"

யோசேப்பு இரண்டு கையிலும் கட்டோடு நின்றான். "வழக்கமா அந்தப் பக்கந்தான் ஐயா எறியிறனான்" என்றான். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, "என்ர பிழையாத்தான் இருக்கும்" என்றான்.

நான் அங்கே கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். வாய் திறந்தேன். வேலை போகும், மறியலில் அடைபடவும் வரும், பிள்ளை பிறக்கப்போகிறது. வாயை மூடினேன். மனேச்சர் கொண்டிகளைப் பற்றிக் கதை எழும்பாமல் பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு சுருட்டுக்காரன் தேவைப்பட்டான். நான் பயந்தேன், அவ்வளவுதான். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

யோசேப்பின் வேலை போனது. ஊரே அவனைத் தியேட்டர் எரிச்சவன் என்றது. றோசலின் அண்ணனோடு பேசுவதை விட்டாள். "அண்ணன்ர சுருட்டு என்னையும் பிள்ளையையும் சாம்பலாக்கப் பாத்துது" என்றாள். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக மனேச்சர் நின்றார். கோயிலில் நான் தலை நிமிரவில்லை. யோசேப்பு மனைவியோடு இலுப்பைக்கடவைக்குப் போய்விட்டான். அங்கேயே செத்தான். செத்த வீட்டுக்குப் போனோம். அன்றும் நான் சொல்லவில்லை.

இனி ஜெனியின் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் றோசலின் ஒரு புதுப் படம் பார்த்தாள். குசினிக் கதவால் நானும் பார்த்தேன். அதில் வெள்ளைச் சீலை இல்லை, பாட்டு இல்லை. ஒரு வீடு, ஒரு குடும்பம். வீட்டுக்காரன் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான். அவன் அதைச் சொல்லும்வரைக்கும் சுவரில் தட்டுகிற சத்தம் நிற்பதில்லை. குசினிக்குள் திரும்பிப் போகாமல் முடியும்வரை நின்று பார்த்தேன். இப்போதைய பேய்ப்படங்கள் பலவற்றில் இப்படித்தான் பேய்க்கு ஒரு காரணம் வைக்கிறார்கள், உயிரோடு இருக்கிறவன் செய்த ஒரு காரியம். அது புதுசு. பிரயோசனமும் உண்டு, பிள்ளை. அந்தப் படத்தைப் பார்த்திராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் ஒப்புக்கொண்டிருக்கவேமாட்டேன்.

எழுதி முடித்து றோசலின் கொப்பியை மூடினாள்.

"இது ஜெனியின்ர கைக்குப் போகமுந்தி மச்சாளுக்கு வாசிச்சுக் காட்டோணும். வெளிக்கிடுங்கோ" என்றாள்.

யோசேப்பின் மனைவி இப்போதும் இலுப்பைக்கடவையில்தான் இருக்கிறாள். காலை பஸ்ஸில் போனோம். அந்த வீட்டு விறாந்தையில் இருந்து முழுவதையும் றோசலின்தான் வாசித்தாள். வெறுங்கையால் கிடுகு இழுத்த இடத்தில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தாள். நான் தலை குனிந்து நின்றேன். யோசேப்பின் மனைவி அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நெருப்புப் பிடிச்ச அண்டையோட அவர் சுருட்டை விட்டவர்" என்றாள். "ஒவ்வொரு நாளும் நான் சமைச்சு முடிச்சு அடுப்புக்குத் தண்ணி ஊத்தினாப் பிறகும், வந்து அந்தக் கையால சாம்பலைத் தொட்டுப் பாப்பார். ஏனப்பா, நூந்துட்டுதுதானே எண்டு கேப்பன். எனக்குப் பயமா இருக்கு எண்டு சொல்லுவார். சாகிற அண்டும் தொட்டுப் பாத்தவர்."

றோசலின் இதை எழுத மறுத்துவிட்டாள். இந்தக் கடைசிப் பகுதியை, கண் தெரிந்த அளவுக்கு, நானே எழுதினேன்.